தோண்டி விற்ற கல்லை வருமானம் என்று எழுதும் கணக்கு

கேள்வி இது: “இரும்பு, நிலக்கரி, சுண்ணாம்புக்கல், கிரானைட் என்று இவ்வளவு வளம் உள்ள நாட்டில், அவற்றைத் தோண்டும் மாவட்டங்கள் மட்டும் ஏன் பின்தங்கியே கிடக்கின்றன? அந்தப் பணம் எங்கே போகிறது? சாதாரணக் குடிமகன் இதில் எதையாவது சரிபார்க்க முடியுமா?”

ஊழல் என்று ஒரே சொல்லில் பதில் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. நாளைக்கே ஊழல் முழுக்க ஒழிந்து, தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் உரிய பணம் வந்து சேர்ந்தாலும் அந்த மாவட்டங்கள் செழித்துவிடாது. திருட்டு நடப்பதற்கு முன்பே, கணக்கு எழுதும் இடத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டுக் குவாரிக்குப் போகலாம்.

ஓர் அரசு தன் பொதுத்துறை நிறுவனத்தின் பங்குகளை விற்றால், அந்தப் பணம் பட்ஜெட்டில் மூலதன வரவில் சேரும். சொத்தை விற்று வந்த பணம் என்பதால், அது அன்றாடச் செலவுக்கான வருவாய் அல்ல என்று கணக்கு முறையே ஒப்புக்கொள்கிறது. அதே அரசு தன் நிலத்தடியில் இருக்கும் இரும்புத்தாதுவை விற்றால் வரும் ராயல்டி, “வரியல்லாத வருவாய்” என்ற தலைப்பில் வருவாய் வரவாகப் பதிவாகிறது. இரண்டுமே சொத்து விற்பனைதான். பங்கையாவது என்றாவது திரும்ப வாங்கலாம், தாதுவைத் திரும்பப் புதைக்க முடியாது. இருந்தும் திரும்ப வராத சொத்தை விற்ற பணம் சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி என்று அதே ஆண்டில் கரைகிறது. வருவாய்ப் பற்றாக்குறை குறைந்ததுபோல் தோன்றுகிறது. பூர்வீக நிலத்தில் ஆண்டுக்கு அரை ஏக்கர் விற்று மளிகைக் கடனை அடைப்பவர், தன் குடும்பம் கடனில்லாமல் நடக்கிறது என்று சொல்லிக்கொள்வதைப் போன்றது இது.

இது வெறும் வாதம் இல்லை, சட்டமும் இதன் பக்கம் வந்திருக்கிறது. 1989இல் இந்தியா சிமெண்ட்ஸுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கில், ஏழு நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு ராயல்டி ஒரு வரி என்றது. அதனால் ராயல்டியின் மேல் மாநிலம் தனியாக மேல்வரி போட முடியாமல் போனது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. ராயல்டி வரி அல்ல, கனிமத்தை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காகக் குத்தகைதாரர் குத்தகை கொடுப்பவருக்குத் தரும் பிரதிபலன் என்பது தீர்ப்பின் சாரம். மாநிலங்கள் கனிம நிலத்துக்கு வரி போடலாம் என்பதும் உறுதியானது. தமிழ்நாடும் அதையடுத்துக் கனிம வள நிலவரிச் சட்டம் கொண்டுவந்து 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. மாநிலங்களுக்குக் கூடுதல் வரவு என்ற அளவிலேயே இந்தத் தீர்ப்பைப் பலரும் பேசினார்கள். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அதில் இருக்கிறது. ராயல்டி வரி இல்லையென்றால் அது விலை. விலை வாங்கியவர் ஒரு பொருளை விற்றிருக்கிறார். அந்தப் பொருள் பொதுச் சொத்து. அப்படியானால் அந்தப் பணம் வேறொரு சொத்தாக மாறியதா, கரைந்ததா என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது, விற்பவருக்குச் சரியான விலை கிடைக்கிறதா என்பது. இரும்புத்தாதுவுக்கு ராயல்டி, சராசரி விற்பனை விலையில் 15 சதவீதம். 2014 செப்டம்பர் வரை 10 சதவீதமாக இருந்தது. அந்தச் சராசரி விலையை மாநிலவாரியாக, தரவாரியாக, மாதந்தோறும் வெளியிடுவது நாக்பூரில் உள்ள இந்தியச் சுரங்கப் பணியகம். கணக்கு வசதிக்காக டன் விலை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 600. சுரங்கத்தால் பாதிக்கப்படும் மாவட்டத்துக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, ஏல முறைக்கு முந்தைய பழைய குத்தகையாக இருந்தால் ராயல்டியில் 30 சதவீதம், அதாவது 180. ஏலத்தில் எடுத்த குத்தகையாக இருந்தால் 10 சதவீதம், அதாவது 60. தோண்டி, உடைத்து, சலித்து, ரயிலடி வரை கொண்டுபோகும் செலவும் நியாயமான லாபமும் சேர்ந்து 1,500 என்று வைப்போம். 4,000இல் அது போக மீதி 2,500. இந்த 2,500ஐ யாரும் உழைத்து உண்டாக்கவில்லை, மண்ணுக்குள் இருந்த மதிப்பு அது. நியாயமாக அது முழுவதும் மக்களுக்குச் சேர வேண்டும். பழைய குத்தகை முறையில் அரசுக்கு வந்தது 780, மீதி 1,720 குத்தகைதாரருக்கு. சட்டப்படியே, ஒரு பைசா லஞ்சம் இல்லாமல் நடந்த இழப்பு இது.

2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி ஏல முறை கொண்டுவந்ததன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஏலத்தில் எடுப்பவர், ராயல்டிக்கு மேல், விலையில் இத்தனை சதவீதம் தருகிறேன் என்று கேட்பார். மேலே சொன்ன கணக்கில் 46 சதவீதம் வரை அவர் கேட்கலாம், அதைத் தாண்டினால் கையைக் கடிக்கும். ஆனால் 2020இல் ஒடிசாவில் நடந்த ஏலங்களில் சில கேள்விகள் 100 சதவீதத்தையே தாண்டின. விற்கும் விலையைவிட அதிகமாக அரசுக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அறிவிக்கப்படும் சராசரி விலை உண்மை மதிப்பைவிடக் குறைவாக இருக்கிறது, அல்லது சொந்த உருக்காலையை ஓட்டத் தாது கிடைத்தால் போதும் என்று அவர் கேட்கிறார், அல்லது ஆழம் தெரியாமல் காலை விடுகிறார். அங்கே எடுத்த குத்தகைகளில் சில பிறகு திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஆகவே ஏலத்தில் பெரிய சதவீதம் விழுந்ததும் அரசுக்கு லாபம் என்று கைதட்டிவிடக் கூடாது. அடுத்த மூன்று ஆண்டுகளில் உண்மையில் எத்தனை டன் எடுத்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்பதைப் பார்த்த பிறகே அது லாபமா என்று தெரியும்.

விலை சதவீதமாக இருக்கும்போது இன்னொரு ஓட்டை திறக்கிறது. தாதுவின் தரம் இரும்பு அளவை வைத்து அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: 55க்குக் கீழ், 55–58, 58–60, 60–62, 62–65, 65க்கு மேல். கட்டியா தூளா என்பதற்கும் தனி விலை. 63 சதவீதத் தாதுவை 59 என்று அறிவித்தால் இரண்டு அடுக்கு கீழே போகிறது. அடுக்குகளுக்கு இடையே விலை வித்தியாசம் 1,000 ரூபாய் என்றால் டன்னுக்கு 150 ரூபாய் ராயல்டி குறையும். ஒரு சரக்கு ரயிலில் ஏறக்குறைய 4,000 டன் போகும், ஆகவே ரயிலுக்கு 6 லட்சம். ஆய்வகச் சான்றிதழில் இரண்டு எண்கள் மாறினால் போதும், லாரியை யாரும் மறிக்கத் தேவையில்லை.

இனி குவாரிக்கு வருவோம். கருங்கல், கிராவல், மணல், கிரானைட் போன்றவை சிறு கனிமங்கள். இவற்றுக்கு விதி போடுவதும் பணம் வாங்குவதும் மாநிலம்தான். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் இதற்கு அடிப்படை. சீனியரேஜ் கட்டணம் (எடுக்கும் கல்லுக்கு மாநிலத்துக்குக் கட்டும் தொகை), நடைச்சீட்டு (ஒவ்வொரு லாரிச் சுமைக்கும் தரும் அனுமதிச் சீட்டு), யூனிட் (சுமையை அளக்கும் அளவு) எல்லாம் இந்த உலகத்துச் சொற்கள். குடிமகன் நேரடியாகச் சரிபார்க்கக்கூடிய இடமும் இதுதான், அதனால் இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் கொண்ட 2 ஹெக்டேர் குவாரி, 20 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 சதுர மீட்டரை 20ஆல் பெருக்கி 4,00,000 கன மீட்டர் என்று எழுதிப் புகார் கொடுத்தால் முதல் விசாரணையிலேயே அது விழுந்துவிடும். சட்டப்படி தோண்டிய குவாரியில் அவ்வளவு கல் வந்திருக்காது. எல்லையிலிருந்து 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும், ஆகவே மேல் பரப்பு 185க்கு 85. பிறகு செங்குத்தாக இறங்கக் கூடாது, பெஞ்ச் எனப்படும் படிகளாக இறங்க வேண்டும். சுரங்கத் திட்டங்களில் பெரும்பாலும் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று இருக்கும். ஒவ்வொரு படியிலும் நான்கு பக்கமும் 5 மீட்டர் உள்ளே வரும். 185க்கு 85, 175க்கு 75, 165க்கு 65, 155க்கு 55. நான்கு பரப்புகளையும் கூட்டினால் 48,100 சதுர மீட்டர், 5 மீட்டரால் பெருக்கினால் 2,40,500 கன மீட்டர். நாலு லட்சம் என்று நினைத்தது இரண்டே கால் லட்சத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது.

மேலே 2 மீட்டர் வரை கிராவலும் சிதைந்த பாறையும் இருந்தால் 31,450 கன மீட்டரைக் கழித்துவிட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். மீதி 2,09,050 கன மீட்டர் கருங்கல். அசையாத பாறையின் எடை கன மீட்டருக்கு 2.6 டன் என்று கொண்டால் 5,43,530 டன். இதுதான் அந்தக் குழியிலிருந்து சட்டப்படி வெளியே போயிருக்கக்கூடிய உச்ச அளவு. நடைச்சீட்டுகளின் மொத்தம் இதைவிடக் குறைவாக, குழி மட்டும் முழு ஆழத்துக்கு இறங்கியிருந்தால், இடைவெளியில் இருப்பது கணக்கில் வராத கல். பெஞ்சே இல்லாமல் சுவர்போல வெட்டியிருந்தால் இரண்டு தவறுகள் சேர்கின்றன. அனுமதிக்கு மேல் எடுத்திருக்கிறார்கள், கீழே வேலை செய்பவர் தலையில் பாறை சரியும் நிலையையும் உண்டாக்கியிருக்கிறார்கள். பல குவாரி விபத்துகளின் வேர் இந்தச் செங்குத்துச் சுவர்தான். காசை மிச்சம் பிடிக்கத்தான் அப்படி வெட்டுகிறார்கள் என்பதால் வருவாய் இழப்பையும் உயிர் இழப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது.

எடைக்கும் கன அளவுக்கும் நடுவில் நடக்கும் விளையாட்டு அடுத்தது. பாறையை உடைத்தால் அதே கல் ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். 2,09,050 கன மீட்டர் பாறை, லாரியில் ஏறும்போது ஏறக்குறைய 3,13,000 கன மீட்டர். நடைச்சீட்டில் எழுதிய கன மீட்டர் பாறையாக இருந்தபோது அளந்ததா, லாரியில் குவித்தபோது அளந்ததா? இது தெளிவாக இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் தனக்குச் சாதகமான அளவை எடுத்துக்கொள்வார். வியாபாரமோ யூனிட்டில் நடக்கிறது. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஜல்லியாக இருந்தால் சுமார் 4.3 டன். பத்துச் சக்கர டிப்பர் சட்டப்படி ஏற்றக்கூடியது ஏறக்குறைய 18 டன், நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல். பக்கப் பலகையை உயர்த்தி ஆறு யூனிட் ஏற்றினால் சுமார் 26 டன். சீட்டு நான்குக்கு, சுமை ஆறுக்கு. மூன்றில் ஒரு பங்கு கல் கட்டணம் கட்டாமல் போகிறது. அதோடு ஊராட்சிச் சாலையும் போகிறது. சாலை தாங்கும் சேதம் அச்சுச் சுமையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறும் என்பது சாலைப் பொறியாளர்களின் பழைய விதி. சுமை 25 சதவீதம் கூடினால் சேதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. சீனியரேஜில் இழந்ததைவிட அந்தச் சாலையை மறுபடி போடப் பொதுப்பணம் அதிகம் செலவாகும் ஊர்களும் உண்டு.

இதற்கு மருந்து எளிது. கன அளவை விட்டுவிட்டு டன்னுக்கு மாறுவது, குவாரி வாசலில் எடைமேடை, எடை தானாகவே சீட்டில் பதிவாவது. எடையைக் கையால் தட்டச்சு செய்ய இடம் இருக்கும் வரை எடைமேடை வெறும் இரும்புப் பலகைதான்.

கிரானைட்டில் கதை கொஞ்சம் வேறு. அங்கே வெட்டிய பாறையில் விற்பனைக்குத் தேறும் கட்டைக்கு மட்டுமே கட்டணம், மீதி கழிவு. தேறுமானம் இத்தனை சதவீதம் என்று சுரங்கத் திட்டத்தில் எழுதுவார்கள். அந்த எண்ணைக் குறைத்து எழுதினால் நல்ல கட்டையும் கழிவாகக் கணக்கில் மறையும். மதுரை மாவட்டக் குவாரிகள் குறித்து விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை நியமித்ததும், அவர் 2015 நவம்பரில் அறிக்கை தந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அனுமதி ஒரு சர்வே எண்ணுக்கு, வெட்டு பக்கத்துப் புறம்போக்கில் என்பதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் முறை.

சரி, திருடாமல் வந்து சேர்ந்த பணம் மட்டும் ஏன் அந்த மாவட்டத்தைத் தூக்கிவிடவில்லை? நவீனச் சுரங்கம் ஆள் குறைவாகவும் இயந்திரம் அதிகமாகவும் கேட்கும் தொழில். முன்பு நூறு பேர் உடைத்த கல்லை இன்று ஒரு எக்ஸ்கவேட்டரும் நாலு டிப்பரும் முடித்துவிடும். உள்ளூரில் கிடைப்பது ஓட்டுநர், காவலாளி வேலைகள். நிலம் போகிறது, கிணறு வற்றுகிறது, தூசி வருகிறது. தாதுவைப் பொருளாக மாற்றும் ஆலை வேறெங்கோ அமைகிறது. கிழக்கு மாநிலங்களுக்கு இந்தக் கடைசி அநியாயத்தை அரசே கொள்கையாகச் செய்தது. 1952இல் வந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால், உருக்கு நாட்டின் எந்த மூலையிலும் ஒரே விலைக்குக் கிடைத்தது. தாது பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக (இன்றைய ஜார்க்கண்டும் சேர்ந்திருந்த) பீகாரிலோ ஒடிசாவிலோ ஆலை போடவேண்டிய தேவை இல்லாமல் போனது. 1990களின் தொடக்கத்தில் அது கைவிடப்படும்வரை நாற்பது ஆண்டுகள் ஓடின. அந்த நாற்பது ஆண்டுகளில் பலனடைந்தவை மேற்கு, தெற்கு மாநிலங்கள், நம்முடையதும் அதில் சேர்த்திதான். ஜார்க்கண்ட்காரர்கள் ஏன் இங்கே வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாவட்டத்துக்கு நேராகப் பணம் சேரவே 2015 திருத்தத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், பெண்கள் குழந்தைகள் நலம் முதலான முன்னுரிமைத் துறைகளுக்குக் குறைந்தது 60 சதவீதம் என்று அப்போது விதித்தார்கள், 2024 வழிகாட்டுதலில் அது 70 ஆனது. நல்ல ஏற்பாடு. கெடுவது எங்கே என்றால், நிதி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் கையில் இருப்பதால், வழக்கமான பட்ஜெட்டில் செய்யவேண்டிய சாலை, கட்டடம், சுற்றுச்சுவர் வேலைகள் இதன் தலையில் விழுகின்றன. சுரங்கத்தில் இருந்து 40 கிலோமீட்டர் தள்ளி உள்ள மாவட்டத் தலைநகரில் இந்தப் பணத்தில் ஒரு கட்டடம் எழும்பினால், குழியோரக் கிராமத்தின் குடிநீர்க் குழாய் அதற்கு விலையாகப் போயிருக்கிறது என்று பொருள்.

மூடும் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்பு, சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமச் சுரங்கங்களில், பிற்காலத்தில் நிலத்தைச் சீர்செய்வதற்கு உறுதியாக ஒரு நிதி உத்தரவாதம் வாங்குகிறார்கள். 2021 திருத்தத்தின்படி, பயன்படுத்திய நிலத்துக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய், சிறிய வகைச் சுரங்கத்துக்கு 3 லட்சம். ஒரு ஹெக்டேரில் 30 மீட்டர் ஆழக் குழி என்றால் 3 லட்சம் கன மீட்டர் பள்ளம். ஒரு கன மீட்டர் நிரப்ப 100 ரூபாய் என்று மிக மலிவாகப் போட்டாலும் 3 கோடி. ஐந்து லட்சத்தைப் பறிகொடுத்துவிட்டு நடையைக் கட்டுவதுதான் குத்தகைதாரருக்கு லாபம். கைவிட்ட குவாரிகளில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடப்பதும் கோடை விடுமுறையில் குளிக்கப் போகும் பிள்ளைகள் மூழ்குவதும் இதனால்தான். எல்லாக் குழியையும் நிரப்ப முடியாது, சில நீர்த்தேக்கமாகவே பயன்படும். அதற்கும் சரிவை மட்டப்படுத்தி, வேலி போட்டு, இறங்கப் படி வைக்க வேண்டும். அந்தச் செலவுக்காவது ஈடாக உத்தரவாதத் தொகை இருக்க வேண்டும்.

சொத்தை விற்ற பணத்தைச் சொத்தாகவே வைத்திருக்க முடியுமா என்றால், முடியும். நார்வே 1990இல் சட்டம் இயற்றி, 1996 முதல் எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியில் போட்டு, அதன் எதிர்பார்க்கும் வருவாயை மட்டும் பட்ஜெட்டுக்கு எடுக்கிறது. முதலில் 4 சதவீதம், 2017 முதல் 3. பணக்கார நாடு என்பதால் முடிந்தது என்று சொல்வார்கள். போட்ஸ்வானா 1966இல் சுதந்திரம் பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே வைரம் கிடைத்தது. அந்தப் பணம் முதலீட்டுக்கும் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று ஒரு கட்டுப்பாட்டை அவர்களே போட்டுக்கொண்டார்கள். நவ்ரூ தீவு எதிர்த்திசையில் போனது. பாஸ்பேட்டைத் தோண்டி ஒரு காலத்தில் தலைக்கணக்கில் உலகின் மிகச் செல்வந்த நாடுகளில் ஒன்றாக இருந்து, நிதியை வீணடித்து, தீவின் ஐந்தில் நான்கு பங்கைக் கரடுமுரடான பாழ்நிலமாக்கிக்கொண்டு நிற்கிறது.

நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது, அதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியிருக்க வேண்டும். கோவாவில் 2012 அக்டோபரில் இரும்புச் சுரங்கங்களை நிறுத்திய உச்ச நீதிமன்றம், 2014 ஏப்ரல் 21 தீர்ப்பில் இரண்டு கட்டளைகள் இட்டது. ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது. விற்பனை மதிப்பில் 10 சதவீதம் நிரந்தர நிதியில் சேர வேண்டும். அடுத்த தலைமுறைக்கும் இதில் பங்கு உண்டு என்பதே அதன் அடிப்படை. கர்நாடகத்தின் பெல்லாரியிலும் 2011இல் அம்மாநில ஊழல் விசாரணை அமைப்பான லோகாயுக்தாவின் தலைவர் சந்தோஷ் ஹெக்டேயின் அறிக்கை வந்த அதே வாரத்தில் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. பிறகு உற்பத்தி உச்சவரம்பு, மின்னணு ஏலம், விதிமீறிய குத்தகைகள் ரத்து என்று கட்டுப்பாடுகள் வந்தன. நீதிமன்றம் அதட்டிய பிறகு செய்த இவற்றை, அதட்டாத மாநிலங்கள் தாங்களாகச் செய்யவில்லை. 2019 தேசியக் கனிமக் கொள்கையில் தலைமுறைகளுக்கு இடையிலான நீதி என்ற சொல் வந்துவிட்டது, பட்ஜெட் கணக்குக்குள் இன்னும் வரவில்லை.

உச்சவரம்பு ஏன் தேவை என்பதற்கு விலையே சாட்சி. 2011 தொடக்கத்தில் டன் 180 டாலரைத் தாண்டியிருந்த இரும்புத்தாது, 2015 டிசம்பரில் 40 டாலரை ஒட்டி விழுந்தது. விலை ஏறும்போது அவசரமாகத் தோண்டி, அந்த வரவை நம்பி நிரந்தரச் செலவுகளை ஏற்றிக்கொண்ட அரசு, விலை விழும்போது கடன் வாங்குகிறது. அவசரப்படாத அரசுக்குப் பாறை எங்கும் ஓடிவிடப்போவதில்லை.

சுரங்கமே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. வீடும் பாலமும் காற்றாலையும் கல்லும் இரும்பும் இல்லாமல் எழாது. ஆனால் எங்கே தோண்டக் கூடாது என்பதை அங்கே வாழ்பவர்கள் சொல்லும்போது கேட்க வேண்டும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய மதுரை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் முடிந்து, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜனவரியில் ரத்தானது. ஏலத்துக்கு முன்பே கேட்டிருந்தால் அந்த மூன்று மாதக் கொந்தளிப்பு தேவைப்பட்டிருக்காது. தேவையையும் குறைக்கலாம். இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை உடைத்த ஜல்லியை, இந்தியத் தர நிர்ணயம் 383இன் 2016 பதிப்பு, கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதமும், எம்-25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதமும் அனுமதிக்கிறது. பொதுப்பணி ஒப்பந்தங்களில் இதைக் கட்டாயமாக்கினாலே ஒவ்வொரு மாநகரமும் சில குவாரிகளைத் திறக்காமல் தள்ளிப்போடலாம்.

சரிபார்ப்பது எப்படி என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு குவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணை வைத்துச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் தேடினால் சுற்றுச்சூழல் அனுமதி கிடைக்கும். அதில் ஆண்டுவாரி அளவும் அதிகபட்ச ஆழமும் இருக்கும். ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும், தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய படங்களை ஆண்டுவாரியாக நகர்த்தி, பலகோணக் கருவியால் பரப்பை அளக்கலாம். ஆழத்தைச் செயற்கைக்கோள் படத்தில் அளக்க வேண்டாம், பிழை அதிகம். பொதுச்சாலையில் நின்று பெஞ்சுகளை எண்ணி 5ஆல் பெருக்கினால் ஓரளவு கிடைக்கும். தண்ணீர் நின்றால் அடி தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். குவாரிக்குள் இறங்காதீர்கள். வெடி வைக்கும் இடம், அத்துமீறல் வழக்கும் வரும்.

பிறகு மாவட்ட ஆட்சியரகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு. “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை” என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் விளக்கம் கேட்க அல்ல, ஆவணம் கேட்க. குத்தகை ஆணை, அங்கீகரித்த சுரங்கத் திட்டம், எல்லைக் கற்களின் ஆயத்தொலைவுகள், மாதவாரி வழங்கிய நடைச்சீட்டுகளின் எண்ணிக்கையும் அளவும், மாதவாரி செலுத்திய சீனியரேஜ், கடைசி ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை, தேதி வரம்பு குறிப்பிட்டுக் கேளுங்கள். பணி நடக்கும் இடத்தையும் பதிவேடுகளையும் நேரில் பார்வையிடும் உரிமை அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கணக்குப் போடும்போது பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குத்தகை தொடங்கிய நாளில் அங்கே ஏற்கெனவே பழைய குழி இருந்ததா என்பதைப் பார்க்காமல் விடுவார்கள். முந்தைய குத்தகைதாரர் 12 மீட்டர் இறங்கியிருந்த இடத்தில் இன்றைய 20 மீட்டரை முழுவதும் இன்றையவர் தலையில் ஏற்றினால், அவருடைய வழக்கறிஞர் ஒரே ஆவணத்தில் உங்கள் புகாரைத் தள்ளிவிடுவார். சுரங்கத் திட்டத்தில் “ஏற்கெனவே உள்ள குழி” என்ற தலைப்பில் நீளம், அகலம், ஆழம் இருக்கும். அந்தக் கன அளவை முதலில் கழித்துவிட்டு, மீதியை டன்னாக்கி, நடைச்சீட்டு மொத்தத்துடன் ஒப்பிடுங்கள். 10 சதவீதம் வரை வித்தியாசம் வந்தால் அளவைப் பிழையாக இருக்கலாம். 30 சதவீதத்தைத் தாண்டினால், ஒப்பீட்டு அட்டவணையை இணைத்து, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி அல்லது டிரோன் வழியாக அளவெடுக்கக் கோரி ஆட்சியருக்கு எழுதுங்கள். அனுமதியின்றி எடுத்த கனிமத்தின் முழு விலையையும் சுரங்கச் சட்டத்தின் 21(5) பிரிவின்கீழ் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 2 அன்று ஒடிசா வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தப் பிரிவையும் தேதியையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.